நீர்த்தேக்கத்துக்குள் இறங்கிய ஊர்

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மேட்டுத் தெரு முடியும் இடத்தில் இருக்கும் நகராட்சி நிலத்தடி நீர்த்தேக்கம் முழுவதுமாகக் காலி செய்யப்பட்டது. கட்டி நூறு ஆண்டுகளுக்கு மேலான அந்தத் தேக்கம் அதற்கு முன் ஒருமுறையும் காலி செய்யப்பட்டதில்லை.

முதலில் பொறியாளர் இறங்கினார். அவருக்குப் பின்னால் கணக்கு அலுவலர். கணக்குப் பார்க்கிறவருக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் என்ன வேலை என்று காவலாளி கேட்டார். மானிய விதியில் அப்படி இருந்தது: வேலை தொடங்கும் முன் எடுக்கும் படங்களில், செலவுக்குக் கையெழுத்திடும் அதிகாரி அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். நாற்பத்தாறு வயதான அந்த அம்மாள் கைப்பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, கடன் வாங்கிய ரப்பர் பூட்ஸோடு இரும்பு ஏணியில் கால் வைத்தார்.

"பாத்து மேடம், கடைசிப் படி ரெண்டும் இல்ல" என்றது கீழேயிருந்து பொறியாளரின் குரல்.

"இல்லைன்னா எங்க போச்சு?"

"துருப்பிடிச்சுக் கரைஞ்சு நம்ம ஜனங்க வயித்துக்குத்தான் போயிருக்கும். இரும்புச் சத்து."

அவர் சிரித்துக்கொண்டே குதித்தார். கால் மாவு போன்ற சேற்றில் கணுக்கால் வரை புதைந்தது. பொறியாளர் பேட்டரி விளக்கை உயர்த்தினார். சிரிப்பு நின்றுவிட்டது.

செங்கல் தூண்கள். வரிசைக்குப் பின் வரிசை, விளக்கின் வெளிச்சம் போய்ச் சேராத தூரம் வரை. ஒவ்வொரு தூணும் இரண்டு ஆள் உயரம் போய், அங்கிருந்து நான்கு பக்கமும் வளைந்து அடுத்த தூணின் தோளைத் தொட்டது. மேலே மேட்டுத் தெருவின் பள்ளி மைதானமும் வண்டி நிறுத்துமிடமும் இருந்தன. அவற்றின் எடையை இந்த வளைவுகள் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருந்தன. தூண்களின் மேல் தண்ணீர் நின்ற மட்டங்கள் வெள்ளை வெள்ளையாகக் கோடு விட்டிருந்தன. மழை பொய்த்த ஆண்டுகளின் கோடுகள் தாழ்வாக இருந்தன. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. அந்தச் சத்தம் தூண்களைச் சுற்றிக்கொண்டு போய், நேரம் கழித்து வேறொரு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது.

பொறியாளருக்கு ஊரில் 'வால்வு சார்' என்று பெயர். எந்தத் தெருவின் எந்த வால்வு எத்தனை சுற்றுக்குத் திறக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தத் தேக்கத்துக்கு மேலேயே நடந்திருக்கிறார். உள்ளே பார்ப்பது இதுவே முதல் முறை.

"இவ்ளோ பெருசா சார்?" என்றார் கணக்கு அலுவலர். கேள்வி தன்னையறியாமல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"எனக்கும் தெரியாது மேடம். வரைபடத்துல ஒரு கட்டம் போட்டிருக்கும். அவ்ளோதான்."

நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இந்த நீர்த்தேக்கம் எந்த வரிசையில் இருக்கிறது என்பது கணக்கு அலுவலருக்குத் தெரியும். ஆண்டுதோறும் அதைப் பிரதி எடுப்பவர் அவர்தான். பழைய சொத்துகளுக்குக் கட்டிய செலவின் ஆவணம் கிடைக்காவிட்டால், மதிப்பு என்ற இடத்தில் பெயருக்கு 'ஒன்று' என்று போட்டுவிடுவது வழக்கம். உடைந்த தள்ளுவண்டி, மதிப்பு ஒன்று. பழைய கல்வெட்டுக் கம்பம், ஒன்று. நீர்த்தேக்கம், ஒன்று. பத்தொன்பது ஆண்டுகள் அந்த ஒன்றைக் கை கூசாமல் எழுதியிருக்கிறார். இப்போது அருகிலிருந்த தூணில் கையை வைத்தார். அது குளிர்ந்து, வழவழவென்று, உயிருள்ள பிராணியின் விலாவைப் போல இருந்தது.

கிழக்குச் சுவரில்தான் விரிசல். ஒரு மரத்தின் வேர் அதற்குள் நுழைந்து உள்ளே தொங்கியது. ஊருக்கு ஏற்றும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் மேட்டுத் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.

"நில்லுங்க மேடம், படம்" என்றார் பொறியாளர்.

அந்தப் படத்தில் கணக்கு அலுவலர் கேமராவைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

*

ஊரிடம் பணம் இல்லை என்று சொல்வது சரியாகாது. நகராட்சிக்கு வங்கியில் இருபதுக்கு மேல் கணக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் தலைநகரிலிருந்து வந்த ஒரு திட்டத்தின் பெயரைச் சுமந்தது. ஒன்றின் பணம் இன்னொன்றின் வாசற்படியை மிதிக்கக் கூடாது. பூங்காக் கருவிகளுக்குப் பணம் இருந்தது; பூங்கா இல்லை. அலங்கார விளக்குக்கு இருந்தது. வரவேற்பு வளைவுக்கு இரண்டு வெவ்வேறு திட்டங்களில் வந்ததால், ஊருக்குள் நுழைகிறவரை இரண்டு வளைவுகள் அடுத்தடுத்து வரவேற்றன. விரிசல் விட்ட சுவரைப் பூச ஒரு கணக்கிலும் பணம் இல்லை.

சொந்த வருமானம் என்பது வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும். இரண்டும் சேர்ந்து சம்பளத்துக்கே இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தன. தண்ணீர்க் கட்டணத்தைப் பதினேழு ஆண்டுகளாக எந்த மன்றமும் தொடவில்லை. தொட்டவர் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போவார் என்பது உறுப்பினர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஊரின் பெரிய சந்தையில் நடக்கும் வியாபாரத்தின் வரியோ நேராகத் தலைநகருக்குப் போய், அங்கே வேறு பெயர் சூட்டப்பட்டு, வளைவாகவும் விளக்காகவும் திரும்பி வந்தது.

நீர்த்தேக்கத்தைப் பழுதுபார்க்கப் பணம் கேட்டு நகராட்சி மூன்று முறை எழுதியிருந்தது. இதற்கெனத் திட்டம் ஏதும் நடப்பில் இல்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது. தேக்கத்தைக் காலி செய்வதற்குச் சில மாதங்களுக்கு முன், நான்காவது முறை எழுத உட்கார்ந்தபோதுதான், புதிய சுற்றுலாத் தலங்களை உருவாக்க மானியம் என்ற அறிவிப்பு கணக்கு அலுவலரின் கண்ணில் பட்டது.

"சுற்றுலாவா?" என்றார் நகர்மன்றத் தலைவி. அவர் பெயிண்ட் கடை நடத்துகிறவர். மன்றத்துக்கு வரும்போதும் விரல் நகத்தில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். "நம்ம ஊருக்கா? பஸ் மாறி ஏறினவன்தான் இங்க இறங்குவான். இறங்கினதும் அடுத்த பஸ் எப்பன்னு கேப்பான்."

"நீர்த்தேக்கம் பழைய கட்டடம்தானே மேடம்? நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. விதியில பழமையான கட்டடம்னுதான் போட்டிருக்கு. கட்டடத்தைப் பலப்படுத்தறது, விளக்கு, படிக்கட்டு, எல்லாத்துக்கும் தராங்க."

பொறியாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "பலப்படுத்தறதுன்னா சுவர் விரிசலும் வருமா?"

"விரிசல் விட்ட சுவருக்குப் பக்கத்துல சுற்றுலாப் பயணியை நிறுத்த முடியுமா சார்?"

தலைவி சிறிது நேரம் நகத்திலிருந்த பச்சையைச் சுரண்டினார். "உள்ள பாக்கறதுக்கு ஏதாவது இருக்குமா?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் பொறியாளர். "தண்ணி இருக்கும்."

விண்ணப்பம் கணினியில்தான். பார்வையாளருக்கு ஆண்டில் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று ஒரு கேள்வி. இனி ஆண்டுதோறும் காலி செய்து சுத்தம் செய்தால் அந்தப் பத்து நாள் திறக்கலாம் என்று எண்ணி, பத்து என்று அடித்தார் கணக்கு அலுவலர். கட்டம் சிவப்பாகியது. முப்பது அடித்தார். சிவப்பு. நூறு, சிவப்பு. இருநூறுக்குக் கீழே எந்த எண்ணையும் அது வாங்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாள் அன்றுதான். எப்படியும் பொய்யாகப் போகிற எண்ணில் சிறியதென்ன பெரியதென்ன என்ற சலிப்பில் முந்நூற்று அறுபத்தைந்து என்று அடித்தார். கட்டம் பச்சையாகியது. அடியில் இருந்த உறுதிமொழியை அவர் படித்தார். விதிக்குப் புறம்பான செலவு கையெழுத்திட்ட அலுவலரிடமிருந்து வசூலிக்கப்படும். எல்லா உறுதிமொழியிலும் இருக்கும் வரிதான்.

அதை வீட்டில் சொன்னபோது, நகரப் பேருந்து ஓட்டும் கணவர் காலை ஷிப்டுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"வசூலிப்பாங்கன்னா? வீட்ட எடுத்துக்குவாங்களா?"

"வீட்ட எல்லாம் எடுக்க மாட்டாங்க. சம்பளத்துல பிடிப்பாங்க."

"எவ்ளோ?"

"ரிட்டயர் ஆகற வரைக்கும் பாதி."

"பாதி போனா வீட்டுக் கடன எப்படிக் கட்டறது?"

"கட்ட முடியாது. பேங்க் எடுத்துக்கும்."

"அப்ப நகராட்சி வீட்ட எடுக்காது. ஆனா வீடு போயிடும்." அவர் கடைசிப் பொத்தானைப் போட்டார். "நான் ரெட் சிக்னல்ல போனா எனக்கு ஃபைன். நீ ஊருக்குத் தண்ணி குடுத்தா உனக்கு ஃபைன். நல்ல குடும்பம்."

மானியம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எந்தப் பணமும் அந்த நகராட்சிக்கு வந்ததில்லை.

*

விரிசலை அடைக்க மூன்று வாரம் ஆனது. வேரை வெட்டி, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, சுவரை உள்ளிருந்து கம்பி கோத்துத் தைத்தார்கள். வடக்கு மூலையில் அகலமான படிக்கட்டு வைத்தார்கள். தூண்களின் அடியில் விளக்குகள். தேக்கம் மறுபடி நிரம்பும் வரை ஊர் முழுவதற்கும் லாரியில்தான் தண்ணீர். லாரி ஒப்பந்தம் ஆறாவது வார்டு உறுப்பினருக்கு. அவர் கணக்கு அலுவலரின் அக்கா கணவர். ஊருக்கே அவர் 'லாரி மாமா'.

மார்ச் முதல் வாரம் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பார்வையாளர்கள் வந்ததற்குப் படம் வேண்டும் என்பதும் விதி. யாராவது வர வேண்டுமே என்று தலைவி தன் கடை ஊழியர்களை வரிசையில் நிறுத்தத் தயாராக வைத்திருந்தார். தேவைப்படவில்லை. முதல் நாள் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்களோ, மறுநாள் வரிசை பள்ளி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

படியில் இறங்கும்போது எல்லோரும் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். தண்ணீர் வராததைப் பற்றி, நகராட்சியைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி. பாதிப் படியில் பேச்சு அறுந்தது. கடைசிப் படியில் நின்றுவிட்டவர்களால் பின்னால் வருகிறவர்கள் தடைபட்டார்கள். "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று பொறியாளர் ஓயாமல் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலே குரல்கள் தாழ்ந்தன. கைக்குழந்தை ஒன்று 'ஆ' என்றது. தூண்கள் அதை வாங்கிச் சுற்றி அனுப்பின. திரும்பி வந்த தன் குரலைக் கேட்டு அது வாயை மூடிக்கொண்டது.

ஒரு முடிதிருத்துபவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தூண்களுக்கு நடுவே நெடுநேரம் நடந்து, வெளியேறும் குழாயின் வாய்க்கு முன்னால் போய் நின்றார். ஆள் குனிந்து நுழையலாம் போன்ற அகலம்.

"இதுதான் எங்க தெருவுக்கு வர்றதா சார்?"

"இங்கேருந்து எல்லாத் தெருவுக்கும் போகுது. உங்க கடைக்குள்ள வரும்போது கட்டைவிரல் மொத்தம்" என்றார் பொறியாளர்.

"இவ்ளோ தண்ணிக்கு மாசம் நாம எவ்ளோ கட்டறோம்?"

"ரெண்டு டீ."

"வருஷத்துக்கா?"

"மாசத்துக்கு ரெண்டு டீ. அதையும் பாதி பேரு கட்டறதில்ல."

முடிதிருத்துபவர் குழாயின் வாய்க்குள் குனிந்து பார்த்தார். அவரும் அந்தப் பாதியில் ஒருவர் என்பது பிறகு தெரிந்தது. மறுநாள் காலை பாக்கிக்காரர் வரிசையில் நின்றார். அந்த வாரம் பாக்கி வசூல் ஓர் ஆண்டில் வருவதைவிட அதிகம். யாரும் கேட்டுப் போகவில்லை. கணக்கு அலுவலர் தன் அறையின் கண்ணாடி வழியாக அந்த வரிசையைப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளில் ஆட்கள் வரி கட்ட ஒருவரையொருவர் முந்துவதை அவர் பார்த்ததில்லை. நோட்டீஸ் போய், இரண்டாம் நோட்டீஸ் போய், குழாய் வெட்டப்படும் என்ற மிரட்டல் போனால்தான் வருவார்கள். எழுந்து போய் இன்னொரு கவுண்டரைத் திறக்கச் சொன்னார்.

லாரி மாமாவும் வந்தார். வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு பட்டுவிடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"மச்சினிச்சி, இதுக்குள்ள எத்தனை லாரி பிடிக்கும்?"

"உங்க லாரியில எழுநூறு நடை மாமா."

அவர் வளைவுகளை அண்ணாந்து பார்த்தார். "இத நிரப்பிட்டா நான் வண்டிய வித்துட வேண்டியதுதான்" என்றார். சொன்ன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

*

மார்ச் 15ஆம் தேதி சுற்றுலாத் துறையின் தணிக்கை அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு முழங்காலில் வலி. நகராட்சி கொடுத்த விளக்கை வாங்காமல் தன் சொந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு படியில் ஒவ்வொரு காலாக இறங்கினார். கீழே போனதும் டார்ச்சை அணைத்தார். தூணடி விளக்குகள் போதுமாக இருந்தன. கூட வந்தவர்களை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகத் தூண்களுக்குள் நடந்தார். அவருடைய நொண்டும் நடையின் சத்தம் தொலைவில் போய், திரும்பி, இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"விழுந்துட்டாரா?" என்று கிசுகிசுத்தார் தலைவி.

"பாத்துக்கிட்டு நிக்கிறார்" என்றார் பொறியாளர்.

மேலே வந்ததும் அவர் படிக்கட்டின் சுவரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். "இருபத்தாறு வருஷமா இந்த வேலை. போனது எல்லாம் சுற்றுலாத் தலம்னு போர்டு வச்ச இடம்தான். சிமெண்ட் மான், சிமெண்ட் காளான். இன்னைக்குத்தான் ஒரு இடம் பார்த்தேன்."

கணக்கு அலுவலருக்கு மூச்சு இறங்கியது.

"தண்ணி எப்ப விடப்போறீங்க?" என்றார் தணிக்கை அலுவலர், போகிற போக்கில்.

பொறியாளர் பெருமை தாங்காமல் முந்திக்கொண்டார். "முப்பத்தொண்ணுக்குள்ள விட்டே ஆகணும் சார்! அன்னைக்கு அணையில வாய்க்கால மூடறாங்க. அதுக்கப்புறம் அடுத்த மழைக்குத்தான். நிரப்ப ஒரு வாரம் ஆகும்."

"நிரப்பினப்புறம் ஜனங்க எங்க நின்னு பாப்பாங்க?"

பள்ளி மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் திறந்திருக்கும்னு போட்டிருக்கு. யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றார் கணக்கு அலுவலர். "பத்துன்னுதான் முதல்ல போட்டேன். அது வாங்கல."

"இருநூறுக்குக் கீழ வாங்காது. தெரியும். வருஷத்துல நாலு மாசம் மூழ்கிக் கிடக்கற ஒரு தீவுக்கும் முந்நூத்தி அறுபத்தஞ்சுன்னு போட்டிருந்தாங்க." அவர் சிரிக்கவில்லை. "உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல மேடம். ஒரு பைசா வெளிய போகல. சுவர் அருமையா இருக்கு. ஆனா இது தண்ணித் தொட்டிக்கு ஆன செலவு. தண்ணிக்குன்னு தந்திருந்தா நான் கைதட்டிட்டுப் போயிருப்பேன். சுற்றுலாவுக்குன்னுதானே தந்திருக்கு?"

"தண்ணிக்குக் கேட்டா தரமாட்டேங்கறாங்களே சார்" என்றார் தலைவி. "மூணு தரம் எழுதினோம்."

"அத நான் எழுதற இடம் என் அறிக்கையில இல்லம்மா."

இருக்கும் வழிகளை அவர் சொன்னார். நீர்த்தேக்கத்தைக் காலியாகவே வைத்துக்கொள்ளலாம். மானியம் செல்லும், ஊருக்குத் தண்ணீர் இருக்காது. அல்லது நிரப்பலாம், அப்போது மானியம் திரும்பிப் போக வேண்டும். நகராட்சி தன் சொந்த வருமானத்திலிருந்து தவணையில் திருப்பித் தருகிறோம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு, அந்த வருமானம் எங்கிருந்து வரும் என்பதையும் காட்டினால் அதோடு முடிந்தது. தீர்மானம் இல்லையென்றால் கையெழுத்திட்ட அலுவலரிடமிருந்து வசூல்.

"இருபத்தாறாம் தேதி அறிக்கை அனுப்பறேன்" என்று எழுந்தார். படிக்கட்டின் மேலிருந்து இன்னொரு முறை உள்ளே குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

*

சொந்த வருமானம் என்றால் தண்ணீர்க் கட்டணம். அதை இரண்டரை மடங்காக்கினால் ஐந்து ஆண்டுகளில் மானியத்தை அடைக்கலாம் என்று கணக்கு வந்தது. கணக்கைப் போட்டதும் கணக்கு அலுவலரேதான். அதை மன்றத்துக்கு அனுப்பும் குறிப்பில் தன் பெயர் வரக் கூடாது என்று தலைவியிடம் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் லாரி மாமா அவரைப் பார்த்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் எதிர்த்துப் பேசுவேன் மச்சினிச்சி. இப்பவே சொல்லிடறேன்."

"பேசுங்க மாமா. உங்க வார்டு."

"ஓட்டுக் கேக்கப் போனப்ப வாசலுக்கு வாசல் சொன்னேன், நான் இருக்கற வரைக்கும் தண்ணிக் காசு ஏறாதுன்னு. அந்த வாயால எப்படி?"

சமையலறையிலிருந்து அக்கா குரல் வந்தது. "அந்த வாய்க்கு இன்னைக்குச் சோறு இல்லன்னு சொல்லு."

"பாத்தியா?" என்றார் மாமா. "என் வீட்டுலயே எனக்கு எதிர்க்கட்சி."

22ஆம் தேதி சிறப்புக் கூட்டம். பார்வையாளர் மாடம் வழக்கமாகக் காலியாக இருக்கும். மழைக்கு ஒதுங்கியவர்கள் இருப்பார்கள். அன்று படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முடிதிருத்துபவர் முன் வரிசையில். கணக்கு அலுவலர் விதிப்படி தலைவியின் இடப்பக்கம், கேட்டால் மட்டும் பேச வேண்டிய நாற்காலியில். அவருடைய வீடும் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

லாரி மாமா எழுந்தார். நன்றாகப் பேசினார்.

"தலைவர் அவர்களே, நம்ம சந்தையில ஒரு நாளைக்கு எத்தனை வண்டி சரக்கு இறங்குதுன்னு எனக்குத் தெரியும். இறக்கறவன் நான். அந்த வரி பூரா எங்க போகுது? தலைநகருக்கு. அங்கேருந்து நமக்கு என்ன வருது? வளைவு வருது. ஒரு வளைவு பத்தாதுன்னு ரெண்டு வளைவு. நாம குடுத்த காசை அவங்க வச்சுக்கிட்டு, நம்ம தொட்டிய நாமளே பூசிக்க இன்னொரு வரி போடுன்னா, ஒரே மாட்டை ரெண்டு தரம் கறக்கற கதையா இல்ல? நான் போய் என் ஜனங்ககிட்ட என்ன சொல்றது?"

மாடத்தில் கைதட்டல் கேட்டது. தலைவியும் தலையாட்டினார்.

"உறுப்பினர் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. அந்தக் காசு நமக்கு வரணும். வர்ற வரைக்கும் கேப்போம், சண்டை போடுவோம். ஆனா வாய்க்கால் முப்பத்தொண்ணாம் தேதி மூடுது. அடுத்தவன் பெயிண்ட் குடுத்தா அடுத்தவன் சொன்ன கலர்தான் அடிக்கணும், என் கடையிலயே தினம் பாக்கறேன். நம்ம காசுன்னா நம்ம செவுரு, நம்ம கலர். பூசிட்டு அப்புறம் சண்டைக்குப் போவோம்."

அதன் பிறகு எழுந்தவர் மூன்றாவது வார்டு உறுப்பினர். சலவைக் கடைக்காரர். மன்றத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பதவியேற்பு உறுதிமொழிதான் அவர் கடைசியாகச் சொன்னது என்று கேலி உண்டு.

"நான் ரெண்டு தரம் இறங்கிப் பார்த்தேன்" என்றார். "ரெண்டாவது தரம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனேன். நாங்க வீட்டுல பேசவே இல்ல அன்னைக்கு." வேறு ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மாடத்திலிருந்து "நானும் பார்த்தேன்!" என்றது ஒரு குரல். "நானும்" என்றது இன்னொன்று. தலைவி மேசையைத் தட்டினார். அமைதி வந்தது. அது நீர்த்தேக்கத்தின் கடைசிப் படியில் வந்த அமைதியைப் போலவே இருந்ததாக முடிதிருத்துபவர் பிறகு தன் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவி. அந்த நொடியில் லாரி மாமாவின் செல்பேசி அடித்தது. அடித்ததா என்பதே சந்தேகம். பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, உள்ள சிக்னல் இல்ல" என்று சொல்லியபடி வெளியே போனார்.

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முதலில் சலவைக் கடைக்காரருடையது. பிறகு மேட்டுத் தெரு உறுப்பினர். பிறகு இரண்டு எதிர்க்கட்சிக்காரர்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். கணக்கு அலுவலர் எண்ணவில்லை. எழுந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பப்போகிற கைகள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் குனிந்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதினான்கு பேரும் எதிராகப் பத்துப் பேரும் வாக்களித்தார்கள். ஒருவர் அவையில் இல்லை. மார்ச் 23ஆம் தேதி காலை வால்வு திறக்கப்பட்டது. 30ஆம் தேதி மாலை நீர்த்தேக்கம் நிரம்பியது. தணிக்கை அறிக்கையில் தனிநபர் வசூல் பற்றிய பத்தி இடம்பெறவில்லை. மேட்டுத் தெருவுக்கு நாள்தோறும் தண்ணீர் வருகிறது. மானியத்தின் கடைசித் தவணை 2023இல் திருப்பிச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் நடந்த தேர்தலில், ஆதரவாகக் கை தூக்கிய பதினான்கு பேரில் ஒன்பது பேர் தோற்றார்கள். தலைவியும் அவர்களில் ஒருவர்.